தில்லியின் குப்பை யாருக்குச் சொந்தம்?

"பழைய இரும்புக்கு, ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழேம்ம்ம்..." என்று தெருவில் இழுத்துக் கூவிக்கொண்டு போனவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். ஓட்டை வாளியைக் கொடுத்துவிட்டு இரண்டு கை பேரீச்சம்பழம் வாங்கித் தின்றபோது, மறுசுழற்சித் துறையின் முதல் படியில் நிற்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? அந்த வாளி பிறகு காயலான் கடைக்குப் போகும். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் அந்தப் பெயர் என்பார்கள். அதற்கப்புறம் எங்கே போகும் என்று நாம் கேட்டதில்லை.

தில்லிக்கு வந்த பிறகு பேரீச்சம்பழம் போய் "கபாடீ...வாலே!" வந்தது. காலை பத்து மணிக்கு மேல் சைக்கிள் வண்டியில் வருவார். ரத்தி என்றால் பழைய காகிதம், கத்தா என்றால் அட்டை, பன்னி என்றால் பிளாஸ்டிக் கவர். இந்த மூன்று இந்திச் சொற்களைத்தான் நான் முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். காரணம், வேலையே அதுதான். தில்லியின் குடியிருப்புகளில் குப்பையைப் பிரித்து வாங்கும் திட்டங்களை ஏற்பாடு செய்து நடத்துவது. குடியிருப்போர் சங்கம், மாநகராட்சி, குப்பை எடுப்பவர்கள் என்று மூன்று பக்கமும் பேசிப் பேசித் தொண்டை வற்றும் உத்தியோகம். ஊரில் யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா, "தில்லியில சுற்றுச்சூழல்ல ஏதோ மேனேஜரா இருக்கா" என்று முடித்துக்கொள்வார். குப்பை என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது :-)

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குப்பை என்பதற்கு நம் மொழியில் முதலில் குவியல் என்றுதான் பொருள். கிராமத்தில் இன்றைக்கும் "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால் எருவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வீடு எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் சருகும் அதில் போய், வருஷத்துக்கு ஒருமுறை மாட்டு வண்டியில் ஏறி வயலுக்குப் போகும். அந்தக் குவியல் யாருடையது என்ற சந்தேகமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூடை எடுத்தால் சண்டைதான்.

தில்லியின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. விஜய் பிரசாத் என்ற வரலாற்றாசிரியர் தில்லியின் பால்மீகி சமூகத்தைப் பற்றி 2000ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டுத் தில்லியில் துப்புரவு செய்த மெஹ்தர்களுக்கு, தாங்கள் சுத்தம் செய்த வீடுகளின் மேல் ஒரு வழக்க உரிமை இருந்தது. அந்த வீட்டுக் கழிவு அவர்களுடையது. அதை நகரத்துக்கு வெளியே இருந்த விவசாயிகளுக்கு எருவாக விற்றார்கள். சாதி அவர்கள் தலையில் சுமத்திய கொடுமையான வேலைதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த வேலைக்குள் ஒரு சிறு பேர பலம் இருந்தது. ஒழுங்காகக் கவனிக்காத வீட்டுக்குப் போகாமல் இருக்கலாம். பிறகு 1860களில் முனிசிபாலிடி வந்தது. சுகாதாரம் என்ற பெயரில் மேற்பார்வை வந்தது. கழிவு காசாகும் என்பது முனிசிபாலிடிக்கும் புரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த உரிமை நழுவி, மெஹ்தர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கடைநிலைப் பணியாளர் ஆனார். வேலையும் சாதியும் அப்படியே இருக்க, குப்பை மட்டும் கை மாறியது.

இந்தக் கை மாறும் கதை தில்லியில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அடுத்த காட்சி திமார்பூர். வட தில்லியில், யமுனைக்கு அருகே இருக்கிற பகுதி. 1987ல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் அங்கே ஒரு ஆலை கட்டினார்கள். தினமும் 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். எத்தனை நாள் ஓடியது தெரியுமா? சோதனை ஓட்டமாக 21 நாள். தில்லிக் குப்பை எரியவே மறுத்தது! ஆலைக்குத் தேவைப்பட்ட வெப்ப மதிப்பில் சுமார் பாதிதான் அதில் இருந்தது. டென்மார்க் குப்பைத்தொட்டியில் காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் நிறைய இருக்கும். தில்லிக் குப்பையில் இருந்தது காய்கறித் தோல், சாம்பல், தெரு மண்.

ஏன் இப்படி என்று கேட்டால், ஈரம், தூசி என்று அறிக்கைகள் சொல்லும். சரிதான். என் பங்குக்கு இன்னொன்றையும் சேர்ப்பேன். எரியக்கூடிய காகிதத்தையும் அட்டையையும் கபாடிவாலா முன்னாலேயே வீட்டு வாசலில் காசு கொடுத்து வாங்கிவிட்டார். அவர் கண்ணுக்குத் தப்பியதைக் குப்பை பொறுக்குபவர் எடுத்துவிட்டார். கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரம் கொண்டுவந்தவர்களுக்கு, இந்த ஊரில் ஏற்கனவே ஒரு மறுசுழற்சித் துறை ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் படவில்லை. சைக்கிளில் போகிறவரை யார் பார்க்கிறார்கள்?

அந்தத் துறை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மேற்கு தில்லிப் பக்கம் போக வேண்டும். காவேரி கில் என்ற ஆய்வாளர் 2010ல் தில்லியின் பிளாஸ்டிக் பழைய சரக்கு வியாபாரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்த வியாபாரத்தில் மேலே வந்தவர்கள் கடிக் என்ற தலித் சமூகத்தினர். கசாப்பு, பன்றி முடி வியாபாரம் என்று இருந்தவர்கள், பிளாஸ்டிக் பரவத் தொடங்கியதும் அதில் நுழைந்தார்கள். மற்ற வியாபாரிகள் தொடக் கூச்சப்பட்ட சரக்கு என்பதால் போட்டி குறைவு. ஜ்வாலாபுரியில் சந்தை வளர்ந்தது. 1995ல் அங்கே பெரிய தீ விபத்து. பி.வி.சி. எரிந்தால் என்ன புகை வரும் என்று தில்லி அன்று தெரிந்துகொண்டது. பிறகு வியாபாரம் ரோத்தக் சாலையில் இன்னும் மேற்கே, முண்ட்கா, டிக்ரி கலான் பக்கம் நகர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முண்ட்கா போய்ப் பார்த்திருக்கிறேன். செருப்பு ஒரு மலை, ஷாம்பு பாட்டில் ஒரு மலை, உடைந்த பக்கெட் ஒரு மலை. ஒரு பெண் துண்டு பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்து, வளைத்து, தட்டிச் சத்தம் கேட்டு, எது எந்த வகை என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் படித்த பாலிமர் வேதியியல் அந்த வேகத்துக்கு முன்னால் நிற்காது.

அழுக்கான, ஆபத்தான தொழில்தான். ரொமான்டிக்காக எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. 2010 ஏப்ரலில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது நினைவிருக்கலாம். தில்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவியை அந்த வருஷத் தொடக்கத்தில் ஏலத்தில் விட்டார்கள். வாங்கியவர்களுக்கு அது இன்னொரு உலோகத் துண்டு. உடைத்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். படித்தவர்கள் விற்ற பொருள் அது, உயிரை விட்டது பழைய இரும்புக் கடைத் தொழிலாளி.

இனி நீதிமன்றம். 1996 மார்ச்சில், வதேரா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், தலைநகரின் குப்பையைத் தினமும் அள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அதே வருஷம் அல்மித்ரா படேல் என்ற பெங்களூர் பொறியாளர் நாட்டின் எல்லா நகரங்களின் குப்பைக்காகவும் வழக்குப் போட்டார். இதில்தான் அசீம் பர்மன் குழு அமைந்தது. 1999ல் அறிக்கை வந்தது. 2000ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடு வீடாகச் சேகரிக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும் என்று இன்று நாம் பேசுவதெல்லாம் இந்த வழக்கின் பிள்ளைகள்தான். அந்த அளவில் படேல் அம்மாவுக்கு நாடே கடன்பட்டிருக்கிறது.

ஆனால் அதே வழக்கில் 2000 பிப்ரவரியில் ஒரு உத்தரவு வந்தது. தில்லியின் அசுத்தத்துக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் முடிச்சுப் போட்ட உத்தரவு. பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு இலவசமாக மாற்று இடம் கொடுப்பது ஜேப்படிக்காரருக்குப் பரிசு கொடுப்பது போல என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். பிறகு தில்லியில் குடிசைகளை இடித்த பல வழக்குகளில் அந்த வாசகம் எடுத்துக்காட்டப்பட்டது. யோசித்துப் பாருங்கள். நகரத்தின் குப்பையைக் காசே வாங்காமல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் குடிசைகளில்தான் இருந்தார்கள். பிரித்த சரக்கை அடுக்கி வைக்க இடம் இல்லாவிட்டால் அந்தத் தொழிலே கிடையாது. குப்பைக்காகப் போட்ட வழக்கில், குப்பை எடுப்பவரின் கூரைக்கே ஆபத்து வந்தது.

இந்த இடத்தில் நம்ம சென்னையைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. 1989ல் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி எக்ஸ்னோராவைத் தொடங்கினார். தெருவாசிகள் சேர்ந்து சங்கம் வைப்பது, மாதம் ஒரு சிறு தொகை போடுவது, குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தவரையே மூன்று சக்கர வண்டி கொடுத்துத் தெருவுக்கு வேலைக்கு வைப்பது. அவருக்குத் 'தெரு அழகாளர்' என்கிற மாதிரி ஒரு பட்டம் வேறு. நம் வீடுகளில் சிலர் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதருக்குச் சம்பளமும் கிடைத்தது, மறுபடி விற்கக்கூடிய சரக்கும் கிடைத்தது. பிறகு 2000ல் மூன்று மண்டலங்களில் ஓனிக்ஸ் வந்தது. அது போய் 2007ல் நீல் மெட்டல் பனால்கா வந்தது. (அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்த சென்னைவாசி யாராவது உண்டா?) எடைக்குக் காசு என்ற கணக்கு வந்தவுடன், தெருவிலேயே குப்பையைக் குறைக்கும் எக்ஸ்னோரா மாதிரியான யோசனைகளுக்கு மவுசு குறைந்தது. குறைந்தால் லாரியில் எடை எப்படி ஏறும்?

தில்லியிலும் இதே கணக்குதான். 2005ல் மாநகராட்சி பல மண்டலங்களின் குப்பையைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தது. டலாவ் என்று இங்கே சொல்வார்கள், தெருமுனையில் செங்கல் சுவரும் கூரையும் வைத்த குப்பைக் கொட்டகை. அதிலிருந்து அள்ளி மேட்டில் கொட்டுவதற்கு டன்னுக்கு இவ்வளவு என்று பேச்சு. அதுவரை டலாவுக்குள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் திருடர் போல ஆனார். அவர் எடுக்கும் ஒவ்வொரு பாட்டிலும் கம்பெனியின் எடையில் குறைகிறது அல்லவா?

இந்தக் கட்டத்தில்தான் சில அமைப்புகள் உருப்படியாக வேலை செய்தன. 1999ல் பாரதி சதுர்வேதி தொடங்கிய சிந்தன் அதில் முக்கியமானது. பெயரைப் பார்த்து நம்மூர்ச் சிந்தனை என்று நினைத்தால் தப்பில்லை, அதே சொல்தான். குப்பை எடுப்பவர்களையும் சிறு கபாடி வியாபாரிகளையும் சேர்த்து சஃபாய் சேனா என்ற சங்கம் 2009ல் பதிவாக இவர்கள் துணை நின்றார்கள். புது தில்லி நகராட்சிப் பகுதியில் வீட்டுக்கு வீடு சேகரிக்கும் வேலை, ரயில் நிலையத்தில் சேரும் குப்பையைப் பிரிக்கும் வேலை என்று முறையான ஒப்பந்தங்களுக்குள் அவர்களைக் கொண்டுபோனார்கள். 2009ல் சிந்தன் ஒரு கணக்குப் போட்டது. தில்லியின் முறைசாரா மறுசுழற்சியாளர்கள் வருஷத்துக்குச் சுமார் 9.6 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வைத் தவிர்க்கிறார்கள் என்று. மதிப்பீடுதான். ஆனாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் நாற்காலி போடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய வருஷக் கடைசியைச் சொல்ல வேண்டும். 2008ல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தபோது நம் நண்பர்கள் பலர் வேலை போகுமோ என்று பயந்தோம். அதே மாதங்களில் தில்லியில் பழைய பிளாஸ்டிக், இரும்பு, காகிதம் எல்லாவற்றின் விலையும் பொத்தென்று விழுந்தது. நியூயார்க்கில் தும்மினால் பல்ஸ்வாவில் ஒரு குழந்தைக்குப் பால் நிற்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். சாப்ட்வேர்காரர்களுக்கு மூன்று மாத நோட்டீஸ் இருந்தது.

புனேயில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 1993லேயே காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்று சங்கம் வைத்துவிட்டார்கள். 2008ல் ஸ்வச் என்ற கூட்டுறவு. குப்பை எடுப்பவர்களே உறுப்பினர்கள், மாநகராட்சியோடு ஒப்பந்தம், வீடுகள் மாதக் கட்டணம் கொடுக்கும், காய்ந்த சரக்கு அவர்களுக்கு. தில்லியில் ஏன் அது முடியவில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். புனேயில் பெரும்பாலும் உள்ளூர் தலித் பெண்கள், ஓட்டு இருக்கிறது, மராட்டி பேசுகிறார்கள். தில்லியில் பலர் மேற்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமின் பர்பேட்டா பக்கமிருந்தும் வந்த முஸ்லிம்கள். வாயைத் திறந்தால் "பங்களாதேஷியா?" என்ற கேள்வி. வெளியூரிலிருந்து வந்தவர் என்ற அளவில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நம் கையில் டிகிரி இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கிடையே மேடுகள் வளர்ந்துகொண்டே இருந்தன. மயூர் விஹார் தமிழர்களுக்கு காஜிபூரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1984ல் தொடங்கிய மேடு. 2002லேயே நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறமும் கொட்டினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று ஒரு பக்கம் சரிந்து, சாலையில் போனவர்களை வண்டியோடு கால்வாயில் தள்ளியது. இரண்டு பேர் இறந்தார்கள். 2019ல் உயரம் 65 மீட்டர், குதுப் மினார் 73. பிறகு பசுமைத் தீர்ப்பாய உத்தரவின் பேரில் பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் வேலை தொடங்கியது. 2022லும் 2024லும் வெயில் ஆரம்பிக்கும்போதே தீப்பிடித்தது. அந்தப் புகை நாட்களில் பிள்ளைகளை வெளியே விளையாட விடவில்லை.

மேடு வளர்ந்தால் மறுபடி எரிக்கும் ஆசை வரத்தானே செய்யும். 2012ல் ஓக்லா ஆலை ஓட ஆரம்பித்தது. பிறகு காஜிபூர், 2017ல் நரேலா-பவானா, 2022ல் தேக்கண்ட். ஓக்லாவுக்குப் பக்கத்திலிருந்த சுக்தேவ் விஹார்வாசிகள் புகைக்கு எதிராக வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். 2017ல் தீர்ப்பாயம் 25 லட்சம் அபராதம் போட்டு, ஓட்டிக்கொள்ளலாம் என்றது. திமார்பூரில் எரியாத குப்பை இப்போது எப்படி எரிகிறது? வீடுகளில் பிளாஸ்டிக் கூடியது ஒரு காரணம். உலைக்குப் பசி எடுப்பது எதற்கு என்று பார்த்தால், கபாடிக்காரர் தேடும் அதே காய்ந்த சரக்குக்குத்தான். ஒரே அட்டைப்பெட்டிக்கு இரண்டு பேர் கை நீட்டுகிறார்கள். ஒருவரிடம் இருபத்தைந்து வருஷ ஒப்பந்தம் இருக்கிறது, இன்னொருவரிடம் சாக்குப்பை.

2016ல் வந்த விதிகள் குப்பை எடுப்பவர் யார் என்று வரையறுத்தன. அவர்களை அங்கீகரித்து, அடையாள அட்டை கொடுத்து, அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்றன. நல்ல முன்னேற்றம். நானே பல அட்டைகளுக்கு போட்டோ ஒட்டியிருக்கிறேன். ஆனால் அட்டை ஆளை அங்கீகரிக்கிறது. சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இது எவ்வளவு சின்ன இடத்தில் போய் முட்டும் என்பதற்கு ஒரு உதாரணம். கிழக்கு தில்லியில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு குடியிருப்பில் பர்பேட்டாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் வெகுகாலமாகக் குப்பை எடுக்கிறார். நான் சாச்சா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் தீதி. ஒருநாள் மாநகராட்சி ஒப்பந்தக்காரரின் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. இனி எல்லாம் நேராக வண்டிக்கு, நடுவில் யாரும் தொடக்கூடாது என்றார் ஓட்டுநர்.

சாச்சா என்னிடம் வந்து கேட்டார். "தீதி, ஈரக் குப்பையையும் டயப்பரையும் நான் மாடியிலிருந்து இறக்கி வண்டியில் போடலாமாம். பாட்டிலை மட்டும் தொடக்கூடாதாம். பிறகு எனக்குக் கூலி யார் தருவார்கள்?"

வீடுகள் கொடுக்கும் மாதத் தொகை முழுதாக அவர் கைக்கு வந்ததே இல்லை. காய்ந்த சரக்கை விற்றுத்தான் வீட்டு வாடகை. சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தேன். ஒரு மணி நேரம் நாய்த் தொல்லை, அப்புறம் பார்க்கிங், கடைசியில் குப்பை. பொருளாளராக இருந்த கும்பகோணத்து மாமி ஒருவர்தான் நேரே விஷயத்துக்கு வந்தார். "நான் பால் கவரை அலம்பிக் காயப்போட்டு அவரிடம் தர்றேன். வண்டிக்காரனுக்கு நான் ஏன் அலம்பணும்?" என்று இந்தியில் கேட்டார். பிரித்துக் கொடுத்த காய்ந்த குப்பை, சேகரிப்பவருக்குச் சொந்தம் என்று ஒரு வரி எழுதித் தீர்மானமாகப் போடலாம் என்று முடிவானது. எழுதினோம். செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துக் கடைசியில் "மறு உத்தரவு வரும் வரை" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

சாச்சாவின் மகன் அந்தத் தாளை லேமினேட் செய்து வண்டியின் கைப்பிடியில் கட்டி வைத்திருக்கிறான்.